சித்திரை ஒன்றாம் தேதிப் பலகை

மாப்பிள்ளை,

நேற்று என் மகன் பம்ப் ரூம் ஆணியில் தொங்கிய பழைய பிஸ்டன் ரிங்கை எடுத்து வந்து, "இதென்னுங்கப்பா, ஒடஞ்ச வளையலுங்களா?" என்றான். வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடத் துருவுக்குக் கீழேயும் டீசல் வாடை. உன் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாடை.

மகன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்ட எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஊர் உலகத்தில் பலர் தங்கள் நிரல்களுக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளும் பொது நிரல் ஒன்றை இவனும் இன்னும் சிலரும் பழுது பார்த்து வருகிறார்கள். பழைய போனிலும் பழைய கம்ப்யூட்டரிலும் அது ஓட வேண்டுமென்றால் இவர்களுக்கு இரட்டை வேலை. எந்தத் தேதியோடு பழையதை விடுவது என்று ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்காமல் இருக்கிறான். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "புதுப் போன் விக்கறவன் எதாச்சும் குடுத்தானா உனக்கு?" என்று கேட்டேன். அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முன்பே ஒரு தடவை வாங்கியிருக்கிறேன், உன்னிடமிருந்து.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், கேரள எல்லையோரத்து நம் எருத்தேன்பதியில் உன் ஒர்க்‌ஷாப் வாசலில் அந்தப் பலகை தொங்கியது. தமிழிலும் மலையாளத்திலும் சாக்பீஸால் எழுதியிருந்தாய்: "சித்திரை 1 முதல் சீமை எஞ்சின் வேலை பார்க்கப்படாது." அவ்வளவுதான், காரணம் இல்லை. பெரிய சக்கரம் வைத்த அந்தச் சீமை எஞ்சின் நம் சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்ததே நாலைந்து. ஒன்று என் கிணற்று மேட்டில். அதை நம்பி இரண்டு ஏக்கர் கடலை பூவெடுத்து நின்றது. தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. புது எஞ்சின் வாங்கவும் அந்தக் கடலைதான் வீடு வந்து சேர வேண்டும்.

எனக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவைப்படவில்லை. புது எஞ்சின் விற்கும் ஆள் ஒருவன் ஜீப்பில் வந்து உன்னோடு சிரித்துப் பேசியதை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். என்னிடம் நீ அவ்வளவு பல் தெரியச் சிரித்ததே இல்லை. பலகைக்குக் காரணம் கேட்டதற்கு, "கோயமுத்தூர்லயே ஸ்பேர் இல்லடா மாப்ள" என்றாய். நம்பவில்லை. அதென்ன சரியாகச் சித்திரை ஒன்று? ஜீப்காரனுக்குப் புதுச் சரக்கு இறங்கும் நாள்தான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு மத்தியானம் நீ சாப்பிடப் போன நேரம், ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத் தகரச் சந்தில் கண்ணை வைத்தேன். மேசை மேல் காகிதத்தில் பாதி சுற்றிய பிஸ்டன் ரிங். இல்லை என்றவன் மேசையில் ரிங்! துப்பறிந்த சந்தோஷத்தில் கழிவு எண்ணெய்க் குழியில் கால் வைத்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் நீ என் வேட்டியின் எண்ணெய்க் கறையைப் பார்த்து, "பொறவால வர்ற பூனைக்கு வேட்டி கட்டற பழக்கமும் இருக்குதாட்ட" என்றாய்.

இரண்டு நாளில் என் எஞ்சின் புகைந்து நின்றது. சைக்கிளில் வந்து அந்த ரிங்கைத்தான் மாட்டினாய். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நான் தண்ணீரையா நினைத்தேன்? நீ மாட்டும்போது பார்த்த ரிங்கின் ஓரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடித் தேய்ந்த மினுக்கம். புதுசு இல்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஏண்டா மாப்ள, ரிப்பேருக்கு உட்ட எவன் எஞ்சினக் கழட்டி எனக்கு மாட்டுனே?"

நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப என்ற எஞ்சினையும் ஒருக்காப் பாத்துக்கோணும்" என்று எழுந்தே போய்விட்டார். நீ டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"காத்தால என்ற தோட்டத்துக்கு வா."

வந்தேன். உன் தோட்டம் ஒரு வருடமாகத் தரிசு. ஒர்க்‌ஷாப் வருமானத்தில் வந்த கொழுப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நான்தான். உன் பம்ப் ரூமிலும் ஒரு சீமை எஞ்சின் நின்றது.

"சுத்து" என்றாய்.

என் எஞ்சினைக் கிளப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும். உன்னுடையது ஒற்றை விரலுக்கே சுற்றியது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"உன்ற எஞ்சினுக்குள்ள ஓடறது என்ற எஞ்சினுதான்டா" என்றாய். "மொதல்ல நாசில். அப்பறம் பேரிங். இப்ப ரிங்கு. இனி எடுக்க ஒண்ணுமில்ல. சக்கரம் வேணும்னா உருட்டீட்டுப் போ."

"அப்ப அந்தப் பலகை?"

"எனக்கு வாயில முடியாதுன்னு சொல்ல வராது. அதான் எழுதி மாட்டுனேன்."

"சித்திரை ஒண்ணுன்னு ஏன் போட்டே?"

"உன்ற கடலைய எப்பப் புடுங்குவே?"

"பங்குனிக் கடைசீல."

"அப்பறமென்ன?"

கடலை வீடு வந்து சேர்ந்தது. சித்திரையில் புது எஞ்சின் வாங்கினேன். சீமை எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டபோது உன் ரிங் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

அன்று உன் காய்ந்த வாய்க்கால் ஓரத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். "போடா, போயிக் கடலைக்குத் தண்ணி கட்டு" என்றாய். ஆனால் குற்றம் சொன்ன இடம் டீக்கடை. அங்கே நான் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஆள் கூடட்டும், ஆள் குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் 'கழட்டி மெக்கானிக்' என்ற பெயர் உனக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் நீயும் சிரித்துக்கொண்டே திரும்பினாய். போன மாதம் உன் சாவுக்கு வந்த ஒரு இளவட்டம், "கழட்டி மெக்கானிக் ஊடு எதுங்க?" என்று என்னிடம்தான் வழி கேட்டது. கை காட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

நேற்று மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தேதி சரியாத்தான் போட்டிருக்காருங்கப்பா. காரணத்தையும் எழுதியிருக்கலாம்" என்றான்.

"எழுதியிருந்தா நான் நம்பியிருப்பனா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு, பழைய இயந்திரங்களை இன்னும் நம்பியிருப்பவர்கள் யார் யார், யாருக்கு எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று கேட்டு எழுத உட்கார்ந்தான். தேதியை அதற்கப்புறம் போடுவானாம்.

அந்த டீக்கடை இப்போது பேக்கரி. உட்காருபவர்களில் பாதிப் பேருக்கு உன் முகம் தெரியாது, அந்தப் பெயர் மட்டும் தெரியும். கழட்டியது யார் எஞ்சினை, ஓடியது யார் கிணற்றில் என்று இன்றைக்கு அங்கே போய்ச் சொல்லப் போகிறேன். ரிங்கை மடியில் கட்டிக்கொண்டேன். வேட்டியில் துருக்கறை பிடித்துவிட்டது. பிடிக்கட்டும். இந்தத் தடவை முன்வாசல் வழியாகத்தான் போகிறேன்.