கே.எல். பிராய்லர்ஸ் வாசலில் நின்றது

அண்ணா, இது அப்பா சொல்லச் சொல்ல மாரிக்கனி எழுதுவது. யார் மனம் கோணினாலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். இனி வருவது அப்பாவின் பேச்சு.

அன்பு மகன் வல்லரசுக்கு, ராஜபாளையத்தில் நான், உன் அம்மா, தங்கை, நாய் எல்லோரும் சுகம். சிக்கிமில் உன் உடம்பும் சிக்னலும் சுகமா? இப்போது எதற்குத் தபால் என்று கேட்பாய். உனக்கு வீடியோ கூட்டத்தின் பாஸ்வேர்டு அனுப்ப வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டால் உன் அம்மா அதைச் சொந்தக்காரர்கள் குரூப்புக்கு அனுப்பிவிடுவாள், போன தடவை லிங்க்கை அப்படித்தான் அனுப்பினாள். உன் கல்யாணப் பேச்சுக்கு வீடியோவில் கூடிய அன்று, உன் சிக்னல் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கான்சாபுரத்துப் பெண் வீட்டார் வருவதற்குள் நம் ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். வெயிட்டிங் ரூமில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விடலாம் என்றாள் மாரிக்கனி. உன் அம்மா, ஏட்டி, வந்தவுகள வாசல்ல நிக்க வச்சுப் பேரு கேப்பியா, நல்லா வளத்தேன் உன்னைய, என்று சத்தம் போட, எல்லோரையும் விட்டோம். அதில் யாருக்கும் தெரியாத ஒருவன், பரிசு விழுந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்றான். பிச்சையம்மாள் அத்தை கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். அவனை வெளியேற்றிவிட்டு, இனித் தெரியாத பெயரை விடுவதில்லை என்று மாரிக்கனி உட்கார்ந்தாள். அப்போது வந்தது கே.எல். பிராய்லர்ஸ். கோழிக்கடைக்காரனுக்கு இங்க என்ன சோலி, நிக்கட்டும், என்றாள் உன் அம்மா. நின்றது. பெண் வீட்டாரை இன்னும் காணோமே என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கே.எல். என்றால் கனகலட்சுமி, உனக்குப் பார்த்த பெண்தான். அவள் அப்பா தங்கப்பாண்டி மகள் பெயரில் கோழிப்பண்ணை வைத்து, போனிலும் அதே பெயரை வைத்திருக்கிறார்.

மறுநாள் அவர் தரகரிடம், வாசல்லயே நிக்க வச்சு அனுப்புன வீட்டுக்கு எம்புள்ளைய எப்படிக் குடுக்க, என்று சொல்லிவிட்டார். உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று மாரிக்கனி சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை, சொன்னாலும் கேட்டிருக்காது, பீரங்கிப் படையில் போன காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறிக் கான்சாபுரம் போய், நீங்க நின்ன அளவுக்கு நானும் வாசல்ல நின்னுட்டு வாரேன் என்றேன். அவர் மறுப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். சரி என்றார். நல்ல வெயில். கனகலட்சுமி நாற்காலி கொண்டுவந்து என் முதுகுக்குப் பின்னால் என்னமோ சொல்லியிருக்கிறாள், நான் திரும்பவில்லை. முன்னால் வந்து நின்று, உக்காருங்க மாமா, என்று மறுபடி சொன்னாள், உதட்டைப் பார்த்துப் புரிந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது. உங்க மகன் வீடியோவுல பேசுனா எப்படி மாமா கேப்பீங்க, என்றாள். கேட்பதில்லை, தலையாட்டுவேன் என்றேன். நம் வீட்டில் இதை யாரும் கேட்டதில்லை. சப்டைட்டில் போட்டா அவிய பேசுறது எழுத்தா ஓடும் மாமா, என்று சொல்லிவிட்டு, யப்பா, நின்னது போதும், உள்ள கூப்புடுங்க, என்றாள். கூப்பிட்டார்.

கார்த்திகை முதல் ஞாயிறு மறுபடி கூட்டம். லிங்க் போனில் வரும், யாருக்கும் அனுப்பாதே. உன் பெயர் டைகர் என்று வருகிறதாம், மாற்று, புலியையும் உன் அம்மா வெளியே நிறுத்துவாள். வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், முதுகில் வேண்டாம். நிதானமாகப் பேசு, எழுத்து சிலசமயம் தப்புகிறது, சாப்டியாய்யா என்றால் சாப்பாட்டு ஐயா என்கிறது. பாஸ்வேர்டு, சின்ன வயதில் உன்னை முட்டிய காளையின் பெயர். இதைச் சொன்னதும் உன் அம்மா அடுப்படியிலிருந்து அந்தப் பெயரைத் தெருவுக்கே கேட்கச் சொன்னாள், என் காதிலேயே விழுந்தது. அதனால் மாற்றிவிட்டோம். இரண்டாவதாக முட்டிய காளை.

ஆண்டாள் உன்னைக் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள், காது முக்கியம்.

உன் நல்லதையே நினைக்கும் அப்பா,
பால்ச்சாமி, ஹவில்தார் (ஓய்வு)

மாரிக்கனி எழுதுவது: முடித்ததும் வீடியோவில் ஒத்திகை பார்த்தோம். சன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தும், பின்னால் எரிந்த டியூப்லைட்டால் அப்பாவின் முகம் கருப்பாகத் தெரிந்தது. அணைக்கச் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. போனை அவர் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி சொன்னேன். எழுத்தாக ஓடியது. படித்தார். எழுந்து போய் விளக்கை அணைத்தார்.