கடல் தண்ணீரில் கழுவிய காயம்

இது யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், வேறு யாரிடமும் காட்டாதீர்கள். இது என் சிநேகிதிக்கு எழுதுவது. அவள் செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது.

சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரையில் சுட்ட சோளம் வாங்கினேன். கரியும் எலுமிச்சையும் இன்னும் விரலில் மணக்கின்றன. பழக்கத்தில் உனக்குப் பாதி உடைத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

இன்று வகுப்பில் டீச்சர் போர்டில் துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒன்றை வரைந்தார். வெறிநாய்க்கடி வைரஸ். அதன் குடும்பத்து வைரஸ்கள் மாட்டுக்கும் வரும், மீனுக்கும் வரும், சோளப்பயிருக்குக்கூட வரும் என்றார். எல்லோரும் உன் காலி இடத்தைப் பார்த்தார்கள். நான் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

படகுக்கு அடியில் கிடந்த அந்தக் குட்டி நாய் உன் கையைக் கடித்தது. விலக்கப் போன என் கணுக்காலில் பல் கீறியது. பெரிய நாய்க்குத்தான் வெறி பிடிக்கும் என்று நினைத்தோம். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அலையில் நிறுத்தினாய். "எங்க நைனா கைய வலை அறுத்தா இதான் மருந்து. உப்புத்தண்ணி பட்டா எல்லாம் பூடும்டீ."

ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றேன். முறைத்தாய். "வூட்ல சொன்னே, குட்டியக் கார்ப்பரேஷன் வண்டி தூக்கிக்கினு பூடும். அப்பால உன்னாண்ட பேச மாட்டேன்."

நீ பேசாமல் போய்விடுவாயோ என்றுதான் பயந்தேன். நாய்க்குப் பயப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து அலறினாயாம். அலையில் வளர்ந்தவள் நீ. உன் அம்மா மீன்கூடையை எங்கள் வாசலில் இறக்கிவைத்துவிட்டு அழுதாள். எந்த நாய், எப்போது கடித்தது, என்னிடமாவது நீ சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

இன்று வகுப்பு முடிந்ததும், யாருக்கோ கேட்பதுபோல, கடித்து ரெண்டு மாதம் ஆகியிருந்தால் ஊசி போடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "போட்டே ஆகணும்மா. நோய் வெளிய தெரிஞ்சப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

சொன்னால் நான் பிழைப்பேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீயும் பிழைத்திருப்பாய் என்று உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தினமும் படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை எதிரில் வைத்து, குடிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். இன்றைக்கும் குடித்தேன். நீ பிடித்து இழுத்த பிடி மட்டும் மணிக்கட்டில் அப்படியே இருக்கிறது.

என் அம்மா கதவைத் தட்டுகிறாள். திறந்ததும் முதலில் காலைக் காட்டிவிடுவேன். வாயால் சொல்ல…