பதினோரு கிண்ணம்

ஆரணி,
கார்த்திகை 3, புதன்கிழமை.

அன்புள்ள ரேணுகாதேவிக்கு,

நீ நலம் என்பது போட்டோவிலேயே தெரிகிறது. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். போனில் திட்டினால் நீயும் உன் தங்கச்சி மகள் தேவிப்ரியாவும் ஸ்பீக்கரில் போட்டுச் சிரிக்கிறீர்கள். அதனால் கடை லெட்டர்பேடில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். சிரிக்காமல் படி.

தேவிப்ரியாவோடு வியட்நாம் போகிறேன் என்றபோது தடுத்தேனா? ஐம்பத்தோரு வயதில் முதுகில் பை மாட்டிகினு, எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டிலில் போய்ப் படுக்கணுமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் டிக்கெட் எடுத்தது நான்தான். உனக்குச் சொன்ன வேலை ஒன்றே ஒன்று. அங்கேயும் பட்டு நெய்கிறார்களாம், கடை கடையாக ஏறி இறங்கி பார்டர் எப்படிப் போடுகிறார்கள் என்று நாலு போட்டோ அனுப்பு என்றேன். நீ அனுப்பியது என்ன? பதினோரு கிண்ணம்! பச்சைப்பயறு, தாமரை விதை, வாழைப்பழம், என்னென்னவோ. ஹுவே என்கிற ஊரில், கொட்டுகிற மழையில், குட்டை ஸ்டூலில் குந்திகினு கிண்ணம் கிண்ணமாக ஸ்பூனை விட்டுக்கொண்டிருக்கிறாய். மழைக்கோட்டுத் தொப்பி கண்ணை மறைக்கிறது, வாய் மட்டும் தெரிகிறது. பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் நம் ஊரில் பாயசம். அதற்கு இரண்டு விமானம் மாறிப் போகணுமா?

சுகர் இருக்கிறது, தின்னாதே என்று அதட்டவும் வழியில்லை. போன மாதம் எடுத்த டெஸ்டில் சுகர் எனக்குத்தான், உனக்கு இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. போட்டோவுக்குக் கீழே தேவிப்ரியா, பெரியம்மாவுக்கு ஸ்வீட்னா உயிர் என்று எழுதியிருக்கிறாள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஊர் பூராவும் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்? நம் கடையில் கல்யாணப் புடவை எடுத்தவர்கள் பத்திரிகையோடு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தால், எங்க வீட்டம்மா இனிப்பே தொடமாட்டாங்க என்று சொல்லி, பிரிக்காமல் அப்படியே தறிக்காரர் வீட்டுக்கு அனுப்புகிறேன். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாயே! என்னைப் பெரிய பொய்யனாக்கிவிட்டாய்.

காலையில் உன் தங்கச்சி பரிமளாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவள் நிதானமாக, மாமா, அந்த வேலூர்ப் பெட்டியை மறந்துட்டீங்களா என்றாள்.

மறந்துதான் போயிருந்தேன். கல்யாணமான முதல் வருஷம், நான் புடவை மூட்டையோடு பஸ் ஏறிய காலம். வேலூர்க் கடை முதலாளிக்கு என்று வாங்கி வைத்த மைசூர்பாகுப் பெட்டியை, உனக்குத்தான் வாங்கினேன் என்று நினைத்து நீ பிரித்து ஒன்றைத் தின்றுவிட்டாய். பிரித்த பெட்டியை யார் கையில் கொடுப்பது என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்களாம். நீ, எனக்கு ஸ்வீட் பிடிக்காது, தெரியாமல் எடுத்துட்டேன் என்றாயாம். நான் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சரி, கத்தினேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த முதலாளி முகம் திருப்பியிருந்தால் நமக்குச் சோறு இல்லை. அதற்காக ஒருத்தி இத்தனை வருஷமா வாயைக் கட்டுவாள்? நடுவில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்லையா? நீங்க கேட்டீங்களா என்று மட்டும் பதில் எழுதாதே. ஏற்கனவே பேஜாராக இருக்கிறது.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டு ஸ்வீட் கடைக்குப் போய், எங்க வீட்டம்மாவுக்கு ஏதாவது கொடுங்க என்றேன். கடைக்காரர் தசரதன், அம்மாவுக்கு எது பிடிக்கும்ங்க என்றார். செய்யாரில் எந்த வீட்டம்மாவுக்கு மாம்பழக் கலர் ஆகாது, யாருக்குப் பெரிய பார்டர் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தசரதனிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தூறல் போடுது, அப்புறம் வர்றேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது உன் பத்து நாள் விஷயம். சனிக்கிழமை திரும்ப வேண்டியவள், இன்னும் பத்து நாள் இருந்துட்டு வர்றேன் என்று ஒரே வரி அனுப்புகிறாய். வரட்டுமா, இருக்கட்டுமா என்ற கேள்விகூட இல்லை. போளூரில் நம் புதுக் கடை திறப்பது கார்த்திகை பன்னிரண்டு என்று உனக்குத் தெரியாதா? பத்திரிகை அச்சடித்து, பாதி கொடுத்தும் ஆயிற்று. நீயே வந்து விளக்கேற்று என்று பரிமளாவைக் கேட்டேன். அக்கா ஏத்த வேண்டிய விளக்கு, நான் தொடமாட்டேன் என்று போனை வைத்துவிட்டாள். உங்கள் வீட்டுப் பெண்களுக்கே ரோஷம் அதிகம்.

திறப்பை இருபத்தாறாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பன்னிரண்டாம் தேதி வாக்கில் புயல் வருமாம். ஒன்பது நாள் முன்னாடியே சொல்லிவிட்டார்களா என்று கேட்காதே, சொன்னார்கள்.

பட்டுக் கடைக்கெல்லாம் நீ போக வேண்டாம். வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு நட. பத்து நாள் முடிந்ததும் மறுபடி ஒரு வரி அனுப்பி, இன்னொரு பத்து நாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏர்போர்ட்டுக்கு டிரைவரை அனுப்பமாட்டேன், நானே வண்டி எடுத்து வருகிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆரணி வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். போதுமா, தெரியவில்லை.

பத்திரமாக வந்துவிடு.

இன்னும் கோபம் ஆறாத,
ஜெயச்சந்திரன்