பித்தளை உருண்டையும் புளியும்

ஏசுதாஸ் அத்தானுக்கு,

மாதா புண்ணியத்துல நான் சுகம். உங்க முட்டுவலி தேவலையா? பள்ளிவாசல் எஸ்டேட் மழையில தேயிலைச் செடி கவாத்து வெட்டப் போவாதீங்க.

நான் கூட்டித் தொடைக்கிற மியூசியத்துல, நட்சத்திரம் பாத்து மணி சொல்ற பித்தளை உருண்டை ஒண்ணு இருக்கு. உடம்பெல்லாம் வட்டம் வட்டமா கோடு, எழுத்து. மேல கவுத்த சல்லடைத் தொப்பியில முள்ளு முள்ளா நட்சத்திரம். கோட்டுக்குள்ள கறுப்பா இருந்துச்சா, ஈஸ்டருக்கு நம்ம கோயில் மெழுகுதிரிக் கால் தேய்ப்போமே, அதே மாதிரி புளி போட்டுத் தேச்சுட்டேன்.

கூட வேலை பாக்குற ஜிஜி தலையில கை வச்சுட்டா. "அடிப்பாவி, அது அழுக்கில்லடி, எழுத்துல ஊத்துன மை!"

நீங்க பயப்படாதீங்க. அந்த உருண்டை ஜிஜி பொறுப்பு, அவளைத்தான் பிடிப்பாங்க. அதனால நானே ஆபீசர்ட்ட சொல்லிரப் போறேன். எனக்காக ஒரு பூசை வைங்க. எதுக்குன்னு ஃபாதர்ட்ட சொல்லாதீங்க.

ஆபீசர் வந்துட்டாரு, போறேன்.

சந்தனமேரி