முனியன் சொல்லாத விதி

1908 ஆவணி, வியாழன். கல்கத்தா.

இந்தியர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று எங்கள் கம்பெனித் துரை புத்தகம் எழுதுகிறார். இன்று ஹவுரா ஸ்டேஷனில் அவருக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். அங்கே மூட்டை தூக்கும் முனியன் நம் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆள். இந்த நிலைமைக்கு எப்படி வந்தாய் என்று துரை கேட்டார்.

"மூணு வருசமா மழையில்ல சாமி. அப்பவும் கிஸ்தி கட்டலைன்னு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

சர்க்கார் வரியைக் குறை சொன்னால் துரை முகம் சுளிப்பாரே என்று பயந்தேன். "எல்லாம் தலைவிதி என்கிறான்" என்று இங்கிலீஷில் சொன்னேன். எதிர்பார்த்தது கிடைத்ததுபோல் துரை எழுதிக்கொண்டார்.

"நான் சொன்னதை அப்படியே சொல்லிட்டீங்களா சாமி?"

"சொல்லிட்டேன்."

முனியன் கும்பிட்டான். "ஊர்ல என் தம்பிகிட்ட இன்னும் ஒரு ஜோடி மாடு இருக்கு. துரைக்குத் தெரிஞ்சுபோச்சு, இனி அதையாவது விட்டுடுவாங்கல்ல?"

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.