சுடாத கை

12-9-67
மழை இல்லை, புழுக்கம். மடப்பள்ளியில் கருகின வாசனை. பொங்கல் அடிப்பிடித்துவிட்டது என்று கரண்டியைப் போட்டு அடிவரை கிளறினேன். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது. தம்பி தேசிகன் ஓடிவந்து என் இடது கையைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை தவலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கருகினது நான்தான்.

13-9-67
மூன்று வருஷமாகத் துணி பிடிக்காமல்தான் கொதிக்கிற தவலையை இறக்குகிறேன். "ஸம்பத்குமாரன் கையை அக்னி தொடாது, பெருமாள் கடாட்சம்" என்று சேவிக்க வருகிறவர்கள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நானும் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? நோய் தீர்க்கிற பெருமாளுக்குத் தளிகை பண்ணும் கைக்கே நோய் வரும் என்று யார் நினைப்பார்கள்?

20-9-67
கட்டைவிரல் அடிச்சதை வற்றிவிட்டது. என் ஆத்துக்காரி கோமளம் பார்த்துவிட்டுக் கையை மெல்லத் திருப்பி வைத்தாள். அவள் சொல்லாத வார்த்தை எனக்குத் தெரியும். பெருநோய். அப்படியென்றால் மடப்பள்ளி வாசலைக்கூட மிதிக்க முடியாது. அந்த அடுப்பை விட்டால் நான் யார்?

4-10-67
பட்டணம் போனோம். டாக்டர் கமால், பழவேற்காட்டுக்காரர். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். ஒவ்வொரு தடவையும் "தொட்டேள்" என்றேன், கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி. ஊசியால் குத்தினார். அதற்கும் "தொட்டேள்" என்றேன்.

பிறகு இரண்டு கண்ணாடிக் குழாய் — ஒன்றில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் வெந்நீர். கையில் மாற்றி மாற்றி வைத்து எது எது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுப்படியிலேயே வளர்ந்தவனுக்கு வெந்நீர் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

ரப்பர் சுத்தியலால் முழங்கையில் தட்டினால் கை கம்மென்று கிடக்கிறது. முழங்காலில் தட்டினால் கால் அவரையே உதைக்கப் போகிறது. உள்ளங்காலைச் சாவியால் கீறினார், பெருவிரல் மேலே நிமிர்ந்தது. அது கீழே மடங்க வேண்டுமாம்.

11-10-67
மறுபடி பட்டணம். முதுகெலும்புக்குள் ஓடுகிற தண்டுவடத்தின் நடுவே குழி விழுந்து நீர் கோத்திருக்கிறதாம். சூட்டையும் வலியையும் கொண்டுபோகிற நரம்புகள் அந்த நடுவில்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்குமாம். குழி அவற்றை அறுத்துவிட்டது. தொடு உணர்ச்சிக்கு வேறு வழி, அதனால் அது மட்டும் பிழைத்திருக்கிறது. குழி பெருத்தால் கை போகும், கால் விறைக்கும்.

"சாமி, இது குஷ்டம் இல்லை" என்றார். கையெடுத்துக் கும்பிடப் போனேன்.

"குஷ்டத்துக்கு மருந்து இருக்குது. இதுக்கு இல்லை."

வெளியே காத்திருந்த கோமளத்திடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

12-10-67
கோமளம் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். வேண்டுதல் பலித்துவிட்டதாம். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

30-11-67
தவலை நழுவிற்று. ததியோன்னம், அத்தனை தயிர்சாதமும் தரையில். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

3-12-67
இனி இறக்குவது தேசிகன். நான் சும்மா உட்கார்ந்து பார்க்கலாமாம்.

20-12-67
கோமளத்திடம் மீதியையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "நேக்குத் தெரியும். நீங்க தூங்கறச்சே தினமும் உங்க கையைக் கிள்ளிப் பாக்கறேன்" என்றாள்.

டாக்டருக்கு ஊசி, இவளுக்கு நகம். பதில் ஒன்றுதான்.

9-1-68
பேனா விரலில் நிற்கமாட்டேன் என்கிறது.

29-1-68
தை அமாவாசை. ஊர் கொள்ளாத கூட்டம். தேசிகன் தவலையை இறக்கும்போது துணி நழுவிவிட்டது. கத்திக்கொண்டு கையை உதறினான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், உங்கண்ணா கைக்கு இருந்த பாக்கியம் உனக்கு இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை கூனிக்குறுகிப் போனான்.

அவன் கையை மடியில் வைத்து ஊதினேன். உயிர் போகிறது அண்ணா என்றான்.

"எப்படி எரியறது, சொல்லு."

கண்ணில் நீரோடு சொன்னான், பாவம், விவரமாகவே. எவ்வளவு கேட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.