தொண்ணூறு நிமிடத்துக்கு மட்டும்

அன்புள்ள ஹேசல்,

நானும் அப்பாவும், மாடியில் உன் தம்பி லூயிஸும் அவன் ஷானனும், அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாதக் குழந்தையும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பெர்த் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமலிருந்தால் போதும். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. போனில் பேசினால் மாடிவரை கேட்கும், அதனால்தான் வேலை இடைவேளையில் கடையில் உட்கார்ந்து இதைத் தட்டி அனுப்புகிறேன்.

நேற்றுக் கால்பந்துக் காலிறுதி. எண்பத்து நாலாவது நிமிடம், நம் இங்கிலாந்தும் டென்மார்க்கும் ஒன்றுக்கு ஒன்று, நான் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். உன் தம்பி மட்டும் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு, "ஏம்மா இப்படி வேர்க்குற, கூடுதல் நேரத்துல அடிச்சிருவாங்க, நம்ம காசு எங்கயும் போகாது" என்றான். என்ன காசு என்று கேட்டேன். போனை நீட்டினான். அவனும் ஷானனும் குடிபோகப்போகும் ஃப்ளாட்டுக்கு வெள்ளிக்கிழமை கட்டவேண்டிய முன்பணம், ஆயிரத்து எண்ணூறு பவுண்டு, முழுவதையும் இங்கிலாந்து ஜெயிக்கும் என்று பந்தயம் வைத்திருக்கிறான். பதினொரு வருடமாகப் பந்தயக் கடை கவுண்டரில் இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால் திட்டுவேன் என்று. இரண்டு விலை இருந்ததாம். அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்றால் பத்துக்கு ஐந்து லாபம், ஆட்டத்தை ஜெயிப்பார்கள் என்றால் பத்துக்குப் பதினொன்று. ரெண்டும் ஒண்ணுதானே, பெரிய நம்பரை எடுத்தேன் என்றான். ஒன்றில்லை ஹேசல். அந்தப் பெரிய எண் தொண்ணூறு நிமிடத்தோடு முடிந்துவிடும், நடுவர் சேர்த்துக் கொடுக்கும் இரண்டு மூன்று நிமிடம் உண்டு, கூடுதல் நேரம் கணக்கிலேயே கிடையாது. அதனால்தான் அவ்வளவு தருகிறார்கள்.

இதை வை, அதை எடு என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது என்பது எங்கள் கடை விதி, விதிமுறையை மட்டும் சொல்லலாம். பழக்கதோஷம், பெற்ற பிள்ளைக்கும் அப்படித்தான் சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியிலிருந்த சின்ன எழுத்தை வாசித்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. பாதியிலேயே பந்தயத்தை விட்டுவிட்டுக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளும் பொத்தான் நானூற்றுப் பத்து பவுண்டு காட்டியது, பிறகு முந்நூற்று நாற்பது, பிறகு இருநூறு. "அமுக்குடா, வந்தவரைக்கும் வாங்குடா" என்று அப்பா கெஞ்சினார். "இன்னும் ரெண்டு நிமிஷம்பா, கார்னர் கிடைச்சிருக்கு" என்றான். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. தொண்ணூறு முடிந்து விசில் ஊதியபோது பொத்தானே இல்லை, காசு மொத்தமும் போயிற்று.

நூற்றுப் பதினொன்றாம் நிமிடத்தில் இங்கிலாந்து கோல் அடித்தது. தெருவே கத்தியது. சமையலறையிலிருந்து ஷானன் ஓடிவந்து, "ஜெயிச்சுட்டோம்டா, உன் மூஞ்சிக்கு என்னடா ஆச்சு" என்று அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவளுக்கு இன்னும் தெரியாது. காலையில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து, "அக்காகிட்ட கேட்டு வாங்கிடுறேன், ஷானன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்றான். இன்று இரவுச் சாப்பாட்டுக்குள் நீயே சொல், இல்லாவிட்டால் முன்பணம் எங்கே என்று மேசையில் அவள் எதிரிலேயே நான் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். அவன் உன்னைக் கூப்பிடுவான், அழுவான். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், ஆனால் முதலில் போனை ஷானனிடம் கொடுக்கச் சொல். போனைக் கொடுக்க அவன் தயங்கினால் நீ வைத்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்கு நடந்து போவதை விடாதே. நல்லபடியாக இரு மகளே.

உன் அம்மா,
பாலின்